அதிர்ஷ்டத்துக்கும் ஒரு கதிரை: பழைய மரியோ பார்ட்டிப் பலகைகள்

கேம் விளையாடுகிற ஆக்களிடம் 'மரியோ பார்ட்டி' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, "அது சும்மா லக் கேம் மச்சான், அதில என்ன இருக்கு?" மற்றது, "ஐயோ, அதை விளையாடித்தான் எனக்கும் அவனுக்கும் ரெண்டு நாள் கதைபேச்சு இல்லாமல் போனது." இரண்டுமே உண்மைதான். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அந்த இடம் கேமின் பலகை. டைஸ் போட்ட பிறகு எங்கே போய் நிற்கிறோம், அங்கே யார் காசு கேட்டு மறிக்கிறார்கள், யார் வைத்த பொறி எங்கள் காலடியில் இருக்கிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான். இந்தக் கட்டுரை அந்தப் பலகைகளைப் பற்றியது, குறிப்பாக 1998க்கும் 2000க்கும் இடையில் வந்தவற்றைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பலகைகள் எங்களுக்குச் சிறுவயது ஞாபகம் இல்லை. நிண்டெண்டோ 64 எங்கள் வீடுகளில் இருந்ததில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் முதன்முதலில் கொன்ட்ரோலர் பிடித்தது மணித்தியாலக் கணக்கில் காசு வாங்குகிற கேம் கடையில். அங்கே இருந்தது பிளேஸ்டேஷன் 2, அதிலும் கிரிக்கெட்டும் கார் ரேஸும். மரியோ பார்ட்டி எங்களிடம் வந்து சேர்ந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து தந்த ஸ்விட்ச் ஒன்றில், 'மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ்' என்ற பெயரில். 2021 ஒக்டோபரில் வெளிவந்த கேம் அது. அதில் இருப்பவை 5 பலகைகள், ஐந்துமே நிண்டெண்டோ 64 காலத்துப் பலகைகளின் புதுப்பிப்பு. அதில் பிடித்துப்போய், 2022 நவம்பரில் முதல் இரண்டு பாகங்களும் ஸ்விட்சின் சந்தா சேவைக்கு வந்தபோது மூலங்களையும் தேடிப் போனோம்.

ஆகவே "அந்தக் காலம் மாதிரி வருமா" என்ற பெருமூச்சு இந்தக் கட்டுரையில் இருக்காது. அந்தக் காலம் எங்களுடையது இல்லை. 2 தசாப்தம் கழித்து, எந்தப் பாசமும் இல்லாமல் போய்ப் பார்த்தவர்களுக்கும் அந்தப் பலகைகள் வேலை செய்கின்றன என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டுமே. அதைத்தான் யோசித்துப் பார்த்தோம்.

தெரியாதவர்களுக்காக, கேமைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதல் 'மரியோ பார்ட்டி' 1998 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. செய்தது ஹட்சன் சொஃப்ட், வெளியிட்டது நிண்டெண்டோ. எப்போதும் 4 பேர். ஆளுக்கொரு தடவை டைஸ் அடித்துக் கட்டம் கட்டமாக நகர வேண்டும். டைஸில் 1 முதல் 10 வரை வரும். நீலக் கட்டத்தில் நின்றால் 3 காசு கிடைக்கும், சிவப்பில் நின்றால் 3 காசு போகும். நாலு பேரும் நகர்ந்து முடிந்ததும் ஒரு மினிகேம். கயிறு இழுக்கிறது, பந்தில் ஏறி நின்று மற்றவரைத் தள்ளுறது, இந்த மாதிரி ஒரு நிமிட விளையாட்டுகள். வென்றவருக்குக் காசு. அந்தக் காசில் 20ஐக் கொடுத்து ஒரு ஸ்டார் வாங்கலாம். குறித்த சுற்று முடியும்போது யாரிடம் ஸ்டார் கூடவோ அவர் வெற்றி.

இதன் பூர்வீகம் என்னவென்று பார்த்தால், ஜப்பானியர்கள் புதுவருடத்துக்கு வீட்டில் விளையாடுகிற சுகோரோகு வருகிறது. டைஸ் போட்டுப் படம் வரைந்த தாளில் நகர்கிற ஆட்டம். ஹட்சனே 1988இல் 'மொமோதாரோ டென்டெட்சு' என்று ரயில் ஏறி ஜப்பானைச் சுற்றுகிற ஒரு பலகை கேமை வெளியிட்டிருந்தது. மரியோ பார்ட்டி வானத்தில் இருந்து விழவில்லை. டைஸும் கட்டமும் அந்தக் கம்பனிக்கு ஏற்கனவே கைவந்த வேலை.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கிட்டவாக வருவது பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் நித்திரை முழிக்கிறதுக்கு அம்மம்மாமார் விரிக்கிற அட்டை. ஏணியில் ஏறினால் புண்ணியம், பாம்பு கொத்தினால் இறக்கம். ஆனால் பரமபதத்தில் பாம்பு இருக்கிற இடம் அச்சிடும்போதே முடிவாகிவிட்டது. யாரும் யாருக்கும் ஒன்றும் செய்ய ஏலாது. பக்கத்தில் இருப்பவர் 99இல் நின்றாலென்ன 9இல் நின்றாலென்ன, எங்கள் தாயக்கட்டைக்கு அது தெரியாது. விதி மட்டும்தான் விளையாடுகிறது, நாங்கள் கையை வாடகைக்குக் கொடுக்கிறோம்.

மரியோ பார்ட்டியில் முடிவுக் கட்டம் என்று ஒன்று இல்லை. பாதை சுற்றிச் சுற்றி வரும். முக்கியமாக, பாம்பை நாங்களே வைக்கலாம்.

சரி, பலகைகளுக்கு வருவம்.

முதலாவது, யோஷியின் வெப்பமண்டலத் தீவு. இரண்டு சின்னத் தீவுகள். ஒன்றில் ஸ்டார், மற்றதில் பவுசர். சில கட்டங்களில் யாராவது விழுந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். ஸ்டாரை நோக்கி அஞ்சு சுற்றாக நடந்து வந்தவருக்கு முன்னால் திடீரென்று பவுசர் நிற்பார்.

(இங்கே ஒரு இடைச்செருகல். பவுசர் என்பது மரியோ கேம்களில் வருகிற வில்லன், ஆமை ஓடு போட்ட பெரிய பூதம். அவர் வந்தால் காசு போச்சு. ஆனால் நாங்கள் இதை முதலில் விளையாடியது 2022இல். இலங்கையில் அந்த வருடம் "பவுசர் வந்திட்டுதாம்" என்றால் செட்டில் இருந்து ஆள் எழும்பி ஓடுகிற சந்தோசச் செய்தி. பெற்றோல் வரிசையில் நிற்கிற அப்பாவுக்குப் போன் போடுவோம். திரையில் பவுசர் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "எத்தினை லீற்றர் குடுக்கிறாங்களாம்?" என்று கேட்காமல் விட்டதில்லை.)

தீவுக்குத் திரும்புவோம். ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்குப் பாலம் கடக்க வேண்டும். பாலத்தில் கல்லால் செய்த முகம் ஒன்று காவல் நிற்கும். அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். எவ்வளவு? முதலில் வருபவருக்கு 1 காசு. ஆனால் அடுத்து வருபவர், முன்னால் போனவர் கட்டியதைவிடக் குறைந்தது ஒரு காசு கூடக் கட்டினால்தான் விடும். இதில்தான் விசயம் இருக்கிறது: நீங்கள் விரும்பினால் தேவைக்கு அதிகமாகவும் கட்டலாம். 1 காசு போதும் என்ற இடத்தில் 15 காசைப் போட்டுவிட்டுப் போகலாம். உங்களுக்கு நட்டம்தான். ஆனால் பின்னால் வருகிற மூன்று பேருக்கும் கதவு 16 காசிலிருந்துதான் திறக்கும்.

இந்த ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த வாக்குவாதங்களை எழுதினால் தனிப் புத்தகம் வரும். "இப்ப எனக்குப் பின்னால வாறது நீயில்ல, அவன். நான் ஏத்திவிட்டா உனக்குத்தானே நல்லது, நீ ஏற்கனவே அந்தப் பக்கம் நிக்கிறாய்." "அதுசரி, நான் திரும்பி வரேக்க?" விலையை ஏற்றுவது ஒரு ஆள், கட்டுவது வேறு ஆள். அந்த வருடம் எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

கவனித்துப் பாருங்கள், இந்தப் பலகையில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, முடிவெடுக்கிறதும் இருக்கிறது. டைஸ் எத்தனை விழும் என்று தெரியாது. ஸ்டார் எப்போது இடம் மாறும் என்று தெரியாது. ஆனால் பாலத்தில் நிற்கிற அந்த ஒரு கணத்தில் எல்லாம் உங்கள் கையில். அந்தக் கணத்துக்கு விரல் வேகம் தேவையில்லை. கேம் பழக்கம் தேவையில்லை. பேரம் பேசத் தெரிந்தால் போதும், அது எங்கள் அம்மாமார் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, பீச்சின் பிறந்தநாள் கேக். பார்க்க நல்ல வடிவு. கிறீமும் ஸ்ட்ரோபெரியுமாக ஒரு பெரிய கேக்குக்கு மேல் பாதை. உள்ளுக்குள் இருப்பது நஞ்சு. இங்கே சில கட்டங்களில் நின்றால் 30 காசு கொடுத்து ஒரு பிரானாச் செடியை நட்டுவிடலாம். பிறகு அந்தக் கட்டத்தில் வந்து நிற்கிற மற்றவரின் ஸ்டாரை அந்தச் செடி பிடுங்கி, நட்டவரிடம் கொடுக்கும். பரமபதத்துப் பாம்புக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அதோடு ஒரு விதைச் சீட்டு. 10 காசு கொடுத்தால் நாலு விதையில் ஒன்றை எடுக்கலாம். மூன்று ஸ்டார் இருக்கிற பக்கம் கூட்டிப்போகும், ஒன்று பவுசரிடம். கேக் சின்னது, பாதை குறுகியது, ஸ்டார் எப்போதும் ஒரே இடத்தில். அதனால் செடி நட்ட கட்டத்தைச் சுற்றிப் போக வழியும் இல்லை.

இந்தப் பலகையைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஒரு சிலருக்கு இதுதான் சிறந்த பலகை. ஏனென்றால் இதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. செடி எங்கே நிற்கிறது, யாருடையது என்று நாலு பேருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவை டைஸ் அடிக்கும்போதும் "ஆறு மட்டும் வரக்கூடாது, ஆறு மட்டும் வரக்கூடாது" என்று முழு அறையும் சேர்ந்து மூச்சைப் பிடிக்கும். மற்றவர்கள் சொல்வது: 30 காசு மிச்சம் பிடிக்கக்கூடியவர் யார்? மினிகேம்களை வென்றுகொண்டிருப்பவர். அவரிடம் ஏற்கனவே காசு இருக்கிறது, செடியும் அவரே நடுகிறார், மற்றவரின் ஸ்டாரும் அவரிடமே போகிறது. இருக்கிறவருக்கே இன்னும் சேருகிற பலகை அது. எங்களில் கேம் நன்றாக விளையாடத் தெரிந்த இருவருக்கு இது பிடிக்கும் என்பதையும், தெரியாத மூவருக்கு இது பிடிக்காது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

மூன்றாவது, மரியோவின் வானவில் கோட்டை. இது எங்களுக்கு மூல கேமில்தான் முதலில் அறிமுகமானது. மேகங்களுக்கு மேல் ஒரு நீண்ட பாதை. அதன் கடைசியில் ஒரு கோபுரம். உச்சியில் ஸ்டார். யாராவது அதை வாங்கியதும் கோபுரம் சுழன்று, அந்த இடத்தில் பவுசர் வந்து நிற்பார். அடுத்துப் போகிறவர் பவுசரிடம் காசைக் கொடுத்து ஒரு போலி ஸ்டாரை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். அதற்குப் பிறகு மறுபடி சுழலும், மறுபடி உண்மையான ஸ்டார்.

பார்த்தால் மிக எளிமையான பலகை. உண்மையில் இது வரிசையைப் பற்றிய பலகை. முந்திப் போனால் நல்லது என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறவர் மாட்டுவார். இரண்டாவதாகப் போகிறவருக்குத்தான் இழப்பு. அப்படியானால் அவர் மெதுவாக நடக்க வேண்டும், தனக்கு முன்னால் இன்னொருவரைப் போகவிட வேண்டும். ஆனால் டைஸ் பெரிய எண்ணைக் காட்டினால் என்ன செய்வது? 10 விழுந்ததற்கு ஒருவர் அழாத குறையாகத் தலையில் கை வைத்த வேறொரு பலகையை நாங்கள் கண்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவரின் அக்கா. வங்கியில் வேலை. கொன்ட்ரோலர் பிடித்த அனுபவம் பூச்சியம். நாலாவது ஆள் இல்லாததால் கூப்பிட்டு இருத்தினோம். மினிகேம்களில் ஒவ்வொன்றிலும் கடைசி. "இதில எந்த பட்டன்?" என்று கேட்டு முடிக்கும்போது கேம் முடிந்திருக்கும். ஆனால் வானவில் கோட்டையில் மூன்றாவது சுற்றிலேயே அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "இது ஒற்றை இரட்டைக் கணக்குத்தானே? நீங்கள் ஏன் இப்பிடி ஓடுறீங்கள்?" அதற்குப் பிறகு அவர் கோபுரத்துக்குக் கீழே ஆறுதலாக நின்று, யாராவது போய் பவுசரிடம் மாட்டிக்கொண்டு திரும்பும்வரை பார்த்திருந்து, பிறகு ஏறினார். அன்றைக்கு வென்றது அவர்தான். அடுத்த கிழமை கூப்பிடாமலே வந்து இருந்தார்.

எங்களுடைய கட்சி இதுதான். கேமில் திறமைக்கு மட்டும் இடம் கொடுத்தால், அறையில் திறமையானவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். கேம் கடையில் நடந்தது அதுதான். வடிவாக விளையாடுகிற பெடியள் இரண்டு பேர் கதிரையை விட்டு எழும்பவே மாட்டார்கள், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்போம். பெட்டையள் வாசலிலேயே இல்லை. அதிர்ஷ்டம் என்பது அந்த அறையில் மற்றவர்களுக்காகப் போடப்படுகிற ஒரு கதிரை. "லக் கேம்" என்று ஏளனமாகச் சொல்லும்போது, அந்தக் கதிரையைத்தான் காலால் தள்ளுகிறோம்.

ஆனால் எல்லா அதிர்ஷ்டமும் ஒன்றில்லை. இதையும் பழைய பலகைகள்தான் சொல்லித் தந்தன. முதலாம் பாகத்திலேயே வாரியோவின் போர்ப் பள்ளத்தாக்கு என்று ஒரு பலகை உண்டு. தனித்தனி மேடுகள். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக பீரங்கிக்குள் இறங்க வேண்டும், அது உங்களைத் தூக்கி எங்கேயோ ஒரு கட்டத்தில் எறியும். எந்தக் கட்டம் என்பதில் உங்களுக்குப் பேச்சில்லை. முதல் தடவை சிரிப்பாக இருக்கும். நாலாவது தடவை, போனை எடுத்து வட்ஸ்அப் பார்க்கத் தொடங்கிவிடுவோம். லூய்ஜியின் இயந்திர அறை இதற்கு எதிர்ப்புறம். சிவப்பு நீலக் கதவுகள் சுற்றுக்குச் சுற்று மாறி மாறித் திறக்கும். யோசிக்க நிறைய இருக்கிறது, ஆனால் யோசிக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் வரைபடம் பார்த்துக்கொண்டிருக்க மற்ற மூவரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்பது இரண்டாம் பாகத்தின் விண்வெளிப் பலகை. சூப்பர்ஸ்டார்ஸிலும் இருக்கிறது. பலகையின் நடுவில் ஒரு எண் 5இல் தொடங்கும். குறித்த ஒரு இடத்தைக் கடக்கிற ஒவ்வொருவராலும் அது ஒன்று குறையும். பூச்சியம் ஆனதும் பவுசரின் ஒளிக்கதிர் நடுப்பாதை முழுவதையும் சுட்டுக்கொண்டு போகும். அந்தப் பாதையில் நிற்பவர்களின் காசு முழுவதும் காலி. எண் எல்லாருக்கும் தெரிகிறது. சுடப்போகிற கோடும் தெரிகிறது. 2 என்று இருக்கும்போது உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் அந்தக் கோட்டில் நிற்கிறார்கள். நீங்கள் கடப்பீர்களா, சுற்றிப் போவீர்களா? டைஸ்தான் சொல்லும், ஆனால் அதற்கு முதல் எந்தப் பக்கம் திரும்புவதென்று நீங்கள் சொல்ல வேண்டும். ஆபத்து எல்லாருக்கும் பொது, எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும், அதற்கு முன் ஒரு சின்னத் தெரிவு உண்டு. நல்ல பலகை என்றால் என்ன என்று எங்களிடம் கேட்டால் இந்த மூன்றையும்தான் சொல்லுவோம்.

பழைய கேமில் எல்லாமே பொன் என்று சொல்ல வரவில்லை. முதலாம் பாகத்தில் சில மினிகேம்கள் ஜொய்ஸ்டிக்கை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோம் என்பதில் தங்கியிருந்தன. பிள்ளைகள் விரலை விட்டு உள்ளங்கையால் தேய்த்துச் சுழற்றப்போய், கை கொப்பளித்துத் தோல் உரிந்தது. 2000ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகத்தோடு நிண்டெண்டோ ஒரு உடன்பாட்டுக்கு வந்து, அமெரிக்காவில் கேட்டவர்களுக்குக் கையுறை கொடுக்க ஒத்துக்கொண்டது. வீடியோ கேமுக்குக் கையுறை! சூப்பர்ஸ்டார்ஸில் இன்றைக்கும் அப்படியான மினிகேம் வரும்போது உள்ளங்கையால் சுழற்றாதே என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. நாங்கள் அதை வாசித்துச் சிரித்துவிட்டு உள்ளங்கையை வைத்தவர்களை மறித்தோம். கொன்ட்ரோலர் பழுதானால் இங்கே வாங்குகிற விலை தெரியும்தானே.

கடைசியில் வருகிற மேலதிக ஸ்டார்கள் இன்னொரு சண்டை. முதலாம் பாகத்தில் ஆட்டம் முடிந்த பிறகு 3 ஸ்டார் கொடுப்பார்கள்: மினிகேமில் கூடக் காசு எடுத்தவருக்கு ஒன்று, ஒரே நேரத்தில் கூடக் காசு வைத்திருந்தவருக்கு ஒன்று, கேள்விக்குறி போட்ட கட்டங்களில் அதிகம் விழுந்தவருக்கு ஒன்று. முதல் இரண்டும் நியாயம். மூன்றாவது? கேள்விக்குறிக் கட்டத்தில் விழுவதென்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று நடக்கும்: பாறை உருண்டு வரும், எரிமலை வெடிக்கும். யாருக்கு அதிகம் நடந்ததோ அவருக்கு ஒரு ஸ்டார். எங்களில் ஒருத்தர் இதை நிறுத்திவிட்டு விளையாட வேண்டும் என்று இன்றும் வாதாடுகிறார். சூப்பர்ஸ்டார்ஸில் அப்படி நிறுத்தவும் வழி இருக்கிறது. மற்றவர்கள் விடவில்லை. நிறைய அடிபட்டவருக்குக் கடைசியில் ஒன்று கிடைக்கிற இடம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, இங்கேயாவது இருக்கட்டும் என்பது அவர்கள் பக்க நியாயம்.

பிறகு என்ன நடந்தது? எட்டாம் பாகம் வரை ஹட்சன் செய்தது. 2012இல் வந்த ஒன்பதாம் பாகத்தைச் செய்தது என்டி கியூப் என்ற வேறு நிறுவனம், அதிலும் பழைய ஹட்சன் ஆட்கள் சிலர் இருந்தார்கள். அதே வருடம் ஹட்சன் கொனாமிக்குள் கரைந்துபோனது. ஒன்பதாம் பாகத்தில் நாலு பேரையும் ஒரே வாகனத்தில் ஏற்றிவிட்டார்கள். ஒருவர் டைஸ் அடித்தால் நாலு பேரும் நகர்வார்கள். 2015இல் வந்த பத்தாம் பாகமும் அப்படித்தான். ஆட்டம் விரைவாக முடியும், யாரும் பின்தங்க மாட்டார்கள் என்ற நல்ல எண்ணத்தில் செய்திருப்பார்கள். ஆனால் ஒரே வாகனத்தில் போகிறவர்களுக்கு இடையில் தூரம் இல்லை. தூரம் இல்லாவிட்டால் பாலத்தில் கட்டணம் ஏற்றுவது யாருக்கு? செடி நடுவது யாருக்கு? 2018இல் வந்த 'சூப்பர் மரியோ பார்ட்டி' மறுபடி தனித்தனியே நடக்கவிட்டது, ஆனால் பலகைகளைச் சின்னதாக்கி ஸ்டாரை 10 காசாக்கியது. 2021இல்தான் பழைய பலகைகளோடு பழைய 20 காசும் திரும்பியது. 2024 ஒக்டோபரில் வந்த 'ஜம்போரி'யில் வானவில் கோட்டையும் இருக்கிறது என்று கேட்டதும் அக்காவுக்குத்தான் முதலில் சொன்னோம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் ஸ்விட்சை மேசையில் நிறுத்தி, இரண்டு சோடிக் கொன்ட்ரோலரை நாலாகப் பிரித்து, பற்றரி இருக்கிற மட்டும் விளையாடினோம். அந்தச் சின்னத் திரைக்கு நாலு தலை ஒட்டிக்கொண்டு இருக்கும். பற்றரி முடிந்தால் பிரச்சினை இல்லை, ஒவ்வொரு சுற்றும் தானாகச் சேமிக்கப்படும், கரண்ட் வந்ததும் விட்ட கட்டத்திலிருந்து தொடரலாம். நாங்கள் மொத்தம் ஏழு பேர் இருந்தோம் அப்போது. கொன்ட்ரோலருக்குச் சண்டை.

இப்போது அந்தச் சண்டை இல்லை. ஒருத்தர் கட்டாருக்கு, ஒருத்தி லண்டனுக்குப் படிக்க, ஒருத்தர் டொரொன்டோவுக்கு. அக்கா கலியாணம் முடித்துக் கொழும்பில். யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அந்த வருடத்துக்குப் பிறகு எல்லா நண்பர் வட்டத்திலும் நடந்ததுதான் எங்களிலும் நடந்தது. ஆனால் இந்தக் கேமுக்கு எப்போதும் 4 பேர் வேண்டும். மூன்று பேர்தான் இருக்கிறீர்கள் என்றால், நாலாவது இடத்தைக் கம்பியூட்டர் எடுத்துக்கொள்ளும்.

கம்பியூட்டர் நன்றாகத்தான் விளையாடுகிறது. டைஸ் அடிக்கும், மினிகேம் வெல்லும். 'பூ' என்கிற அந்த வெள்ளைப் பேய்க்கு 50 காசு கொடுத்து எங்கள் ஸ்டாரைத் திருடவும் செய்யும். (பெயர்தான் பூ, மணம் ஒன்றும் இல்லை.) ஆனால் அதோடு பேரம் பேச ஏலாது. "நான் உன்னில கை வைக்க மாட்டன், நீ அவனைப் பார்" என்று சொன்னால் அதற்குக் கேட்காது. நாங்கள் செடி நட்டால் கோபிக்காது, அதன் ஸ்டாரைப் பிடுங்கினால் "நல்லா இரு" என்று திட்டாது. பலகை அதே பலகைதான், விதிகள் அதே விதிகள்தான். அதிர்ஷ்டமும் அதே அளவு. ஆனாலும் அந்த நாலாவது ஆளுக்குக் கிடைக்கிற அதிர்ஷ்டத்தைப் பார்த்து யாருக்கும் எரிச்சலும் வருவதில்லை, சந்தோசமும் வருவதில்லை. எங்களுக்குப் பிடித்தது பலகையா, பலகையைச் சுற்றி இருந்த சத்தமா என்று கேட்டால், இரண்டையும் பிரித்துச் சொல்ல எங்களால் ஏலாது. ஒரு கல்லு முகத்துக்கு எத்தனை காசு கட்டுவதென்று நாலு பேர் அரை மணித்தியாலம் சண்டை பிடிப்பதற்காகத்தான் யாரோ ஒருவர் ஜப்பானில் இருந்து அந்தப் பாலத்தை வரைந்திருக்கிறார்.

இணையத்தில் விளையாட வழி இருக்கிறது. டொரொன்டோவில் சனிக்கிழமை காலை 10 மணி என்றால் இங்கே இரவு ஏழரை. மாதத்தில் ஒருமுறை சரிவரும். போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு இருப்போம். கட்டணப் பாலத்தில் அவர் நிற்கும்போது மட்டும் அங்கே ஒரு அமைதி. "என்ன யோசிக்கிறாய், போடடா" என்றால், "பொறு, உங்களுக்கு எவ்வளவு ஏத்தலாம் எண்டு பார்க்கிறன்" என்று பதில் வரும். 30 காசைப் போட்டுவிட்டுப் போனார் போன மாதம். தன்னிடம் மிஞ்சியது 2 காசு. கடைசி இடம். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோசம்.

உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ ஸ்விட்ச் இருந்தால், யோஷியின் தீவில் 10 சுற்றோடு தொடங்குங்கள். கேக்கைப் பிறகு பார்க்கலாம். கேமே தொடாத ஒருவரைக் கட்டாயம் கூப்பிட்டு இருத்துங்கள், பட்டனை ஒருமுறை காட்டிக்கொடுங்கள். பாலத்தில் என்ன செய்வது என்று மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அது அவர்களுக்குத் தெரியும்.